பிள்ளைவாளின் ஃபுல் பெஞ்ச்

லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழுவில் ஜான் பானம் என்று ஒரு டிரம்மர். கச்சேரி நடுவில் ஒரு கட்டம் வரும். கிட்டார்காரர், பாட்டுக்காரர், பேஸ் கிட்டார்காரர் மூவரும் மேடையை அவர் தலையில் கட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பானம் குச்சியால் அடிப்பார்; குச்சியைக் கடாசிவிட்டு வெறுங்கையால் அடிப்பார். சில ராத்திரிகளில் இந்தக் கூத்து அரை மணி நேரம் நீளும். 1970-களின் அமெரிக்கப் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு, இனி உலகத்தில் பார்க்க எதுவும் பாக்கியில்லை என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் காஞ்சிபுரம், சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்திருந்தால் பக்கத்து ஆளைத் தட்டி, "நல்லாத்தான் வாசிக்கிறான் தம்பி. மத்தவங்க முறை எப்ப வரும்?" என்று கேட்டிருப்பார்.

அவர் பழகின இடம் அப்படி. பானம் பிறப்பதற்கு முன்பே, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை என்றொருவர் மேடையில் ஒரு பட்டாளத்தை உட்கார வைத்துக் கச்சேரி செய்துகொண்டிருந்தார். பாட்டு ஒருவர், பின்பாட்டு ஒருவர், வயலின் ஒருவர். இது வரைக்கும் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்குப் பிறகு மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக். இத்தனையும் போதாதென்று, வாயாலேயே ஜதி சொல்லி மிரட்ட ஒரு கொன்னக்கோல்காரர். கிட்டார் ஒன்றுதான் குறை.

இந்தக் கோஷ்டிக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'ஃபுல் பெஞ்ச்'. ஐகோர்ட்டு பாஷை. சிக்கலான வழக்கு வந்தால் ஒரு நீதிபதி போதாது. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து உட்கார்ந்தால் ஃபுல் பெஞ்ச். சபாக்களின் முன்வரிசை அன்று வக்கீல்கள் வசம் இருந்ததால் பெயரும் அங்கிருந்தே வந்தது. பெயர் பொருத்தமாகவும் இருந்தது. பாடுகிறவர் பல்லவி என்று ஒரு வழக்கைத் தாக்கல் செய்வார். ஒவ்வொரு வாத்தியமாகக் குறுக்கு விசாரணை நடக்கும். தீர்ப்பு வருவதற்குள் விடிந்துவிடும்.

இந்த ரகளையெல்லாம் ஒலிபெருக்கி இல்லாமல். 1976-இல் லண்டனில் 'தி ஹூ' குழு 126 டெசிபல் சத்தம் எழுப்பியது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏற்றினார்கள். அவர்களுக்கு மின்சாரம் இருந்தது. பிள்ளைவாளுக்கு இருந்தது தொண்டையும் தோலும் மண்பானையும். அவர் சத்தத்தை யாரும் அளக்கவில்லை. பந்தலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது என்றால் சரி. இதில் எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. மைக் இல்லாத காலத்தில், மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் நடுவில் உட்கார்ந்து மோர்சிங் வாசித்தவரின் வாசிப்பு யாருக்குக் கேட்டிருக்கும்? அவருடைய பல்லுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் மோர்சிங் பிரமாதம் என்று தலையாட்டிய ரசிகர்கள் இருந்திருப்பார்கள். எந்தக் கூட்டத்திலும் அப்படி நாலு பேர் உண்டு.

நாயனாப் பிள்ளை பிறந்தது 1889-இல். இசை வேளாளர் குடும்பம். தாயார் காமாட்சி அம்மாள், தாயாரின் சகோதரி தனக்கோடி அம்மாள் என்று வீடு முழுக்கப் பாட்டு. பையனுக்கு மட்டும் பாட்டில் நாட்டம் இல்லை. குஸ்தி, காற்றாடி என்று தெருத்தெருவாகத் திரிந்தான் என்பது ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பிறகு ஒருநாள் ரோஷம் வந்து அசுர சாதகத்தில் இறங்கினாராம். ரோஷம் வந்த காரணத்துக்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அதில் எதையும் நான் இங்கே எடுக்கப் போவதில்லை. குஸ்தியை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தார் என்று மட்டும் சொல்லக் கூடாது. கோதாவை அப்படியே பெயர்த்து மேடைக்குக் கொண்டுவந்தார்.

அவரோடு கோதாவில் இறங்கியவர்களும் சாமானியர்கள் இல்லை. வயலினில் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை. கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை. கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய பெருமை மான்பூண்டியா பிள்ளைக்கு உரியது. தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவருடைய சிஷ்யர். மிருதங்கத்திலும் அவர் சிங்கம். நாயனாப் பிள்ளை கணக்கில் ஒரு முடிச்சைப் போட, தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதை அவிழ்த்து, கூடவே இன்னொரு முடிச்சைப் போட்டுத் திருப்பிக் கொடுக்க, பாட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் என்று எதிர்க்கட்சி ரசிகர்கள் புகார் சொன்னார்கள். புகார் சொன்னவர்கள் அடுத்த கச்சேரிக்கும் வந்தார்கள்.

தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்பது இன்றைக்கு கேன்டீன்காரருக்கான மணி. மிருதங்கக்காரர் தொப்பியில் கைவைத்ததும் பாதிக் கூட்டம் ரவா தோசை பக்கம் நகர்ந்துவிடும். ஃபுல் பெஞ்ச் காலத்தில் தலைகீழ். அதுவரை வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தனி வருகிறது என்றால் உள்ளே பாய்வார்கள்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கஞ்சிரா என்பது தாம்பாளத்தைவிடச் சின்ன வளையம். ஒரு பக்கம் உடும்புத் தோல், ஓரத்தில் ஒரு ஜோடி சில்லறை. இன்று உடும்பைத் தொட்டால் வனத்துறை வந்துவிடும். அன்று உடும்புதான் பயப்பட வேண்டியிருந்தது. வாசிக்கிறவர் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார். விரலால் தொட்டுத் தோலின் உட்பக்கம் தடவுவார். ஈரம் ஏறினால் சுருதி இறங்கும், 'கும்' என்ற அடிநாதம் வரும். காய்ந்தால் தகர டப்பா மாதிரி ஆகிவிடும். ஆகவே அவர் ஒரு கையால் ஆறேழு பேரோடு சண்டை போட்டுக்கொண்டே இன்னொரு கண்ணால் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் கடக்காரர் சட்டையில்லாத வயிற்றோடு பானையின் வாயை அணைத்து உட்கார்ந்திருப்பார். வயிற்றை அழுத்தினால் ஒரு நாதம், விலக்கினால் வேறு நாதம். தொப்பைக்கு இசையில் மரியாதை கிடைத்த ஒரே இடம் உலகத்திலேயே அதுதான்.

ஒருவர் ஒரு சுற்று வாசித்து நிறுத்துவார். அடுத்தவர் அதையே வாங்கி வாசிப்பார், தன் பங்குக்கு ஒரு குசும்போடு. பிறகு அளவு பாதியாகும், கால்வாசியாகும், கடைசியில் ஆளுக்கு நாலு சொல் என்று பந்து பறக்கும். அதற்கு மேல் குறைக்க முடியாது என்ற இடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து கோர்வை என்ற முடிவுக் கணக்கை மூன்று முறை வைத்து, பல்லவி தொடங்கும் இடமான எடுப்பில் வந்து 'தொப்'பென்று விழுவார்கள். விழ வேண்டிய இடம் தாளம் தொடங்கும் சமத்தில் இருக்காது. அதிலிருந்து அரையோ முக்காலோ தள்ளி இருக்கும். அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தால் சொர்க்கம். தவறினால் மேடையிலிருப்பவரை விடக் கீழே இருப்பவருக்குத்தான் அவமானம்.

கீழே நடப்பதுதான் நமக்கு முக்கியம். தரையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் ஒவ்வொருவரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் போடுவார். கோர்வை நெருங்கும்போது தொடைச் சத்தம் குறையும், விரல் எண்ணும் வேகம் கூடும், மூச்சு நிற்கும். மேடையில் 'தொப்' விழும்போது இவருடைய கையும் சரியாக விழுந்தால் அக்கம்பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பார். பல்லவியைப் பாடியதே அவர்தான் என்பது போல இருக்கும். கை வேறு இடத்தில் விழுந்துவிட்டதா? உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நாயனாப் பிள்ளை கச்சேரி முடிந்த ராத்திரிகளில் காஞ்சிபுரத்தில் பளபளவென்று துடைத்த கண்ணாடிகள் நிறைய இருந்திருக்க வேண்டும்.

ரசிகர்களில் இரண்டு கட்சி. கணக்குக் கட்சி, சுகக் கட்சி. கணக்குக் கட்சிக்குப் பிள்ளைவாள் தெய்வம். தாளத்தில் ஒரு மாத்திரையை எட்டாகப் பிளந்து, அதில் மூன்றாவது துண்டில் எடுப்பு வைத்தால்தான் அவர்களுக்கு ராத்திரி தூக்கம் வரும். சுகக் கட்சிக்காரர்கள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பக்கம். ஐயங்கார் புத்திசாலி. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுவென்று சில கீர்த்தனை, நடுவில் பெரிய ராகம் ஒன்று, பல்லவி, அப்புறம் துக்கடா, மங்களம் என்று ஒரு பாதை போட்டார். யாருக்கும் வயிறு வலிக்காது. இன்றைக்கும் கர்நாடகக் கச்சேரி போகிற தடம் அவர் போட்டதுதான். 'பாட்டு கேட்கப் போனால் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள்' என்று சுகக் கட்சி சலித்துக்கொள்ளும். 'உங்க ஆள் பாடுவது தூங்கப்போகும் நேரத்துக்கு நல்லது' என்று கணக்குக் கட்சி பதில் சொல்லும். பீட்டில்ஸ் பெரிதா ரோலிங் ஸ்டோன்ஸ் பெரிதா என்று லண்டன் பையன்கள் அடித்துக்கொண்டதெல்லாம் நம்மூரில் ஏற்கெனவே அடித்து முடிந்த சண்டை.

திருப்புகழைப் பிள்ளைவாள் எடுத்ததில்தான் இரு கட்சிக்கும் சிக்கல். அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே சந்தத்தில் ஆடியவர். அவர் பாட்டுக்குள் இருக்கும் தாளங்கள் சாதாரண ஆதி, ரூபகத்தில் அடங்காது. அப்படிப்பட்ட பாட்டுகளைப் பிள்ளைவாள் தேடிப் பிடித்துப் பாடினார். தமிழிசை இயக்கம் 1940-களில் கொடி பிடிப்பதற்கு முன்பே தமிழ்ப் பாட்டு ஃபுல் பெஞ்ச் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. சுகக் கட்சிக்காரர் முருகன் பாட்டு என்பதால் எழுந்து போக முடியாது. கணக்குக் கட்சிக்காரர் கணக்கு இருப்பதால் எழுந்து போக மாட்டார். முருகனை நினைத்தவர் எத்தனை பேர், விரலை எண்ணியவர் எத்தனை பேர் என்பது முருகனுக்கே வெளிச்சம்.

பல்லவி என்பது ஆண்பிள்ளைச் சமாசாரம் என்று முன்வரிசையில் மீசைகள் முடிவு கட்டி வைத்திருந்த காலம். காஞ்சிபுரத்தில் பிள்ளைவாள் நடத்திய தியாகராஜர் உற்சவங்களுக்கு ஒரு சின்னப் பெண் வந்து உட்காருவாள். மீசைகள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் சத்தமில்லாமல் மொத்தக் கணக்கையும் காதுவழியாக அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிற்காலத்தில் 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வாங்கினார். டி.கே. பட்டம்மாள் பிறந்தது 1919-இல். பிள்ளைவாள் இறந்தபோது அவருக்குப் பதினைந்துதான். மீசைகள் யாருக்கும் அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை ஒலிக்கும். பக்கவாத்தியம் கிடையாது. இருமினால்கூட முறைப்பார்கள் என்ற அளவுக்கு அமைதி. அந்தத் தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடம் கேட்கப் போன இடம், தோல்வாத்தியங்களின் தலைமைச் செயலகமான நாயனாப் பிள்ளை வீடு. அப்போதே தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைவாளிடம் சத்தத்துக்கு உள்ளே வேறு சரக்கும் இருந்தது என்று. கீர்த்தனைகளை அவர் வைத்திருந்த சுத்தத்துக்காகத்தான் அந்த வீட்டுக்காரர்கள் அனுப்பினார்கள். இதைச் சொன்னால் சுகக் கட்சிக்காரர் பேச்சை மாற்றிவிடுவார்.

சரி, இத்தனை சண்டைக்கும் ஒரு சாட்சி வேண்டாமா? இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. அங்கேதான் பிள்ளைவாள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டார். தட்டே கொடுக்கவில்லை. கிராமபோன் தெரியாத வீடும் அல்ல. தனக்கோடி அம்மாளின் குரல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தட்டில் ஏறிவிட்டது. ஆனால் 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம். அந்த நேரத்தில் பிள்ளைவாள் கோஷ்டி தம்பூராவோடு சுருதி சேர்த்து முடித்திருக்காது. லெட் செப்பலினும் இங்கிலாந்தில் சிங்கிள் தட்டு வெளியிட மறுத்தார்கள். எங்களைக் கேட்கணும்னா முழு ஆல்பத்தையும் வாங்கு என்ற திமிர். அவர்களுக்கு நீள்தட்டு இருந்தது. நீள்தட்டு உலகத்துக்கு வந்தது 1948-இல். பிள்ளைவாள் போனது 1934-இல், 45 வயது நிறைவதற்குள். சென்னை வானொலி நிலையம் அகில இந்திய வானொலியாகத் திறந்தது 1938-இல். அவருக்கு உதவியிருக்கக்கூடிய இயந்திரங்களெல்லாம் அவர் போன பிறகுதான் வாசலில் வந்து நின்றன.

விளைவு என்ன? ஒரு துளிச் சத்தம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது ரசிகர்களின் அபிப்பிராயம் மட்டும். பாடகருக்கு இதைவிட நல்ல காப்பீடு கிடையாது. ஜான் பானம் ஒருநாள் சொதப்பினால் ஒலிநாடாவில் பிடித்துக் காட்டிவிடுவார்கள். பிள்ளைவாள் சொதப்பியதே இல்லை, ஏனென்றால் சொதப்பியதைச் சொல்லக்கூடிய ரசிகர் அன்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி சித்தூருக்கு வருவோம்.

பழைய சித்தூர் மாவட்டத்தில் புங்கனூர் என்று ஒரு ஜமீன் ஊர். ஊரின் பெயரை உலகம் அறிந்தது அங்கே பிறக்கும் குட்டைப் பசுவால். நின்றால் நம் இடுப்புக்கு வராது. 70 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். ஆனால் பாலில் கொழுப்பு எட்டு சதவீதம் வரை இருக்கும். அந்த ஊரில் 1898-இல் ஒரு பிள்ளை பிறந்தது. சுப்பிரமணியம் என்று பெயர். பாட்டுப் பைத்தியம் முற்றி, காஞ்சிபுரத்துக்குப் போய் நாயனாப் பிள்ளையின் காலில் விழுந்தது. குருவின் இயற்பெயரும் சுப்பிரமணியம்தான். மேடையில் இரண்டு சுப்பிரமணியப் பிள்ளைகள் இருந்தால் கூப்பிடுகிற ஆளுக்குக் குழப்பம் என்பதாலோ என்னவோ, ஒருவர் நாயனாவாகவே நிலைத்தார், இன்னொருவர் சித்தூராகிவிட்டார்.

சித்தூர் என்று பெயரில் போட்டுக்கொண்ட பிரபலங்கள் எல்லோரும் சித்தூர் டவுனில் பிறந்தவர்கள் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நடிகர் சித்தூர் நாகையா பிறந்தது குண்டூர் பக்கம் ரேபல்லெயில். சித்தூரில் நாடக சபாவில் நடித்த பாவத்துக்கு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. சித்தூர்க்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 1911-இல்தான் மாவட்டமே உண்டானது. கிடைத்ததை எல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டிய நிலை.

புங்கனூர்ப் பிள்ளை காஞ்சிபுரத்தில் செய்த உத்தியோகம் பின்பாட்டு. ராக் குழுவில் ரிதம் கிட்டார்காரர் என்று ஒருவர் இருப்பார். போஸ்டரில் ஓரமாக நிற்பார், அவர் இல்லாவிட்டால் கட்டடம் விழுந்துவிடும். அதே வேலை. குரு மூச்சு வாங்கும் இடத்தில் இவர் பிடிக்க வேண்டும். குரு பறக்கும்போது இவர் தரையில் தாளத்தைக் காவல் காக்க வேண்டும். குருவைவிட நன்றாகப் பாடிவிடவும் கூடாது, மோசமாகப் பாடிவிடவும் கூடாது. வீட்டில் தெலுங்கு, மேடையில் தியாகராஜரின் தெலுங்கு, திருப்புகழின் தமிழ், சண்டைக்குத் தோல்வாத்தியங்களின் தகதிமி. வருஷக்கணக்கில் இதைச் செய்தவருக்குத் தொண்டை எஃகு ஆகாமல் என்ன செய்யும்?

குரு போன பிறகு ஃபுல் பெஞ்ச் சிஷ்யர் தலையில் வந்து விழுந்தது. தாங்கினார். ஆனால் அதோடு நிற்காமல், குரு செய்யாத ஒன்றையும் செய்தார். தட்டு கொடுத்தார். ஆனந்தபைரவியில் 'மதுராநகரிலோ'. மதுரைச் சந்தைக்கு, அதாவது வடமதுரைக்கு, மோர் விற்கப் போகிற கோபிகையின் பாட்டு. வழியில் கண்ணன் மறிக்கிறான். கணக்கு கிடையாது, கோர்வை கிடையாது, கண்ணாடி துடைக்க வேண்டிய அவசியமே கிடையாது. தட்டு பிய்த்துக்கொண்டு போனது. கிராமபோன் வைத்திருந்த வீடுகளிலெல்லாம் கோபிகை மோர்ப்பானையோடு நடந்தாள்.

பாப் டிலான் 1965-இல் நியூபோர்ட் விழாவில் மின்சாரக் கிட்டாரைத் தூக்கியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது, எங்கள் ஆள் விலைபோய்விட்டான் என்று. கணக்குக் கட்சியின் தீவிரவாதிகள் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்கு எனக்கு ஆதாரம் தேவையில்லை. "நாயனாப் பிள்ளை சிஷ்யன், மோர் விக்கப் போயிட்டாரய்யா!" புங்கனூர்க்காரருக்கு மோர் விற்பதில் என்ன வெட்கம்? எட்டு சதவீதக் கொழுப்பு உள்ள பாலில் கடைந்த மோர். இந்தக் கோணத்தில் எந்த விமர்சகரும் யோசிக்கவில்லை.

அவர் கச்சேரியில் ஃபுல் பெஞ்ச் ரசிகர்கள் பெரிய பல்லவிக்காகக் காத்திருக்க, பின்னால் நிற்கும் கூட்டம் மோர்ப்பாட்டுக்காகக் காத்திருக்கும். ராக் உலகத்தில் இதற்கு முடிவே இல்லாத துயரக் கதைகள் உண்டு; முப்பது வருஷம் கழித்தும் முதல் ஹிட்டையே பாடச் சொல்லி உயிரை எடுப்பார்கள். பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. பல்லவியில் முன்வரிசையைத் தீர்த்துவிட்டு, கடைசியில் பின்வரிசைக்கு மோர் ஊற்றி அனுப்பினார்.

இதற்கிடையே எல்லைச் சண்டை வந்தது. 1953 அக்டோபரில் ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் யாருக்கு என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டி, கடைசியில் 1960-இல் திருத்தணியை இந்தப் பக்கம் கொடுத்துத் தீர்த்தார்கள். சித்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கம். தெலுங்கு பேசும் பிள்ளை, தமிழ்க் குரு, காஞ்சிபுரத்துப் பாணி, சித்தூர் என்ற பட்டம்: இவரை எந்தப் பக்கத்தில் வைப்பது? எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த பட்டாஸ்கர் கமிஷன்கூடத் திணறியிருக்கும். மாநிலம் பிரிந்த மறுவருஷம், 1954-இல், மெட்ராஸ் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. நிலத்தை விட்டுக்கொடுத்தாலும் பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த சீசன் மாநாட்டுக்கு யார் தலைவர் என்ற கவலையில் கொடுத்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் திருப்பதி. தேவஸ்தானத்தின் வெங்கடேஸ்வரா இசைக் கல்லூரிக்கு அவர் பிரின்சிபாலாக இருந்தார். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது. விடிய விடியப் பல்லவி பாடிய பட்டாளத்தில் வளர்ந்தவரை வருகைப் பதிவேடு, பாடத்திட்டம், பீரியட் மணி இவற்றுக்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். ராகம் விரிந்து, தானம் முடிந்து, பல்லவியை எடுத்து நிரவலில் நுழைகிற இடத்தில் பியூன் போய் மணியடித்தால் என்ன ஆகும்? கோர்வையின் மீதி அடுத்த செவ்வாய்க்கிழமையா? ஜான் பானத்தை லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராகப் போட்டதற்குச் சமம். ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்று பேர். சத்தம் போட்டு வளர்ந்தவர்கள் பலரும் நல்ல வாத்தியார்கள் ஆகிவிடுகிறார்கள். பையன்கள் பின்பெஞ்சில் பேசினால்கூடத் தாளத்தில் பேசுகிறானா என்று பார்ப்பார்கள் போல.

அவர் பெஞ்சிலிருந்து இறங்கிய பிள்ளைகளில் பெரிய பிள்ளை மதுரை சோமு. சுவாமிமலையில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, சித்தூராரிடம் குருகுலமாக இருந்து கற்றவர். தாத்தா குருவின் கணக்கு, குருவின் தொண்டை, சொந்தமாகக் கண்ணீர் என்று மூன்றையும் கலந்தார். சபாவை விடக் கோயில் திருவிழா இவருக்குச் சௌகரியம். ஃபுல் பெஞ்சோடு ராத்திரி உட்கார்ந்தால் பால்காரன் வரும் நேரம் எழுந்திருப்பார். சாமி புறப்பாடு முடிந்து, கடலைக்கடைக்காரன் மூட்டை கட்டி, குழந்தைகள் மணலில் தூங்கிப் போன பிறகும் கூட்டம் அசையாது. 1972-இல் 'தெய்வம்' படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் 'மருதமலை மாமணியே' பாடினாரோ இல்லையோ, குருவின் மோர்ப்பானை இவர் தலைக்கு வந்தது. எங்கே போய் எந்த ராகத்தை எடுத்தாலும் பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, மருதமலை!"

சோமுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கீத கலாநிதி கிடைக்கவில்லை. 'உருக்கம் ஜாஸ்தி, கட்டுப்பாடு கம்மி' என்பது சபா முன்வரிசையின் அபிப்பிராயம். அவருடைய ரசிகர்களில் ஒருத்தர்கூட அந்தக் குறையைக் குறையாக நினைக்கவில்லை. கட்டுப்பாடு வேண்டுமென்றால் பரேடுக்குப் போயிருப்பார்கள். நானும் அதே கட்சிதான். ராத்திரி ஒரு மணிக்கு மேல் பாடகர் கட்டுப்பாட்டோடு இருந்தால் கேட்கிறவன் தூங்கிவிடுவான்.

இன்று திருமலையில் கோயிலுக்கு எதிரே நாத நீராஜனம் மேடையில் தினம் சாயங்காலம் பாட்டு. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. ஒரு மணி நேரம் போல நடக்கும். அதற்குள் பாடகர், வயலின், மிருதங்கம் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும். தரிசனம் முடித்து, கையில் லட்டுப் பையோடு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நாலு நிமிடம் நின்று கேட்டுவிட்டு ஜனம் பஸ்ஸுக்கு நகரும். பிள்ளைவாள் கோஷ்டியை அங்கே உட்கார வைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் மோர்சிங்காரர் பெட்டியைத் திறந்திருப்பார்.

ஆனால் கட்சிகள் கலையவில்லை. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும் பாசஞ்சர் வண்டியில், மேல்வேட்டியும் ஒரு ஃபிளாஸ்க்கும் வைத்திருக்கும் இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் போதும். பாகாலா வருவதற்குள் ஆரம்பித்துவிடும்.

"தட்சிணாமூர்த்திப் பிள்ளை கஞ்சிராவை எடுத்தா நாயனாப் பிள்ளையே ஒரு நிமிஷம் யோசிப்பாராம்."

"யாரு சொன்னது? யோசிச்சது கஞ்சிராதான். அன்னிக்கு எடுப்பு முக்கால் தள்ளி."

"அரை தள்ளி."

"நீங்க தப்பாப் போட்டிருப்பீங்க. முக்கால்!"

"அண்ணா, நான் கணக்குல விட்டதே இல்லை."

தொடையில் தாளம் போட்டு இருவரும் நிரூபிக்கிறார்கள். ஒருவருக்கு எழுபத்தெட்டு, இன்னொருவருக்கு எழுபத்தொன்று வயசு.